எல்க் வேட்டை: மந்தையைக் காப்பது துப்பாக்கியா, ஓநாயா?

குறிஞ்சிக்கிழான்:
ராக்கி மலைகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கொலைகாரர்கள் என்று வழிப்போக்கன் எழுதியதை நான் ஏற்கவில்லை. இறைச்சி வணிகத்துக்காகவும், கடிகாரச் சங்கிலியில் கோக்கும் கோரைப் பற்களுக்காகவும் சுட்டுத் தள்ளப்பட்டு அருகிப்போன இந்த மான் இன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 10 இலட்சம் இருக்கிறதென்றால், அதில் வேட்டை உரிமக் கட்டணத்துக்கும், 1937-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் 11 விழுக்காடு வரிக்கும் பெரும் பங்குண்டு.

வழிப்போக்கன்:
கட்டணம் கட்டிவிட்டால் செய்வதெல்லாம் சரியாகிவிடுமா? ஓநாய் கிழடையும் நொண்டியையும் கண்டுபிடித்து அடிக்கிறது. வேட்டைக்காரரோ கொம்பு கிளைத்த, திடமான கலையை, அதாவது ஆண் மானைத் தேடுகிறார். கொலராடோ மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு கொம்பில் நான்கு கிளையோ, ஐந்து அங்குல நெற்றிக் கிளையோ இருந்தால்தான் கலையைச் சுடலாம் என்று விதியே இருக்கிறது. வலியதைக் கழித்து மெலியதை விட்டுவைப்பதற்குப் பெயர் பராமரிப்பா?

குறிஞ்சிக்கிழான்:
அந்த விதி இளம் ஆண் மான்கள் வளர இடம் கொடுப்பதற்காக. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது பிணைக்கான, அதாவது பெண் மானுக்கான உரிமங்கள்தாம். சென்ற அக்டோபரில் நான் எடுத்ததும் அதுதான். 3,000 மீட்டர் உயரத்தில், விழுந்த மரங்கள் குறுக்குமறுக்காகக் கிடக்கும் செங்குத்துச் சரிவில், அந்தி நேரத்தில் சாய்ந்த பிணையைத் தலைவிளக்கு வெளிச்சத்தில் உரித்தோம். உடற்சூடு தங்கினால் எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும் என்பதால், தொடைகளையும் முதுகுக் கறியையும் துணிப்பைகளில் கட்டிக் காற்றாடக் கிளையில் தொங்கவிட்டு, மறுநாள் நான்கு நடையாகச் சுமந்து இறக்கினோம். கொம்புக்காக மட்டும் மலையேறியவன் இரண்டாம் நடைக்கே ஓடியிருப்பான்.

தேனருவி:
இருவரும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995, 1996-இல் 31 ஓநாய்களை விட்ட பிறகு, அதன் வடபகுதி எல்க் மந்தை ஏறத்தாழ 19,000-இலிருந்து 2013-இல் 4,000 அளவுக்கு இறங்கியது. பழியை ஓநாய் தலையில் கட்டிவிட்டார்கள். கரடியும் வறட்சியும் போக, பூங்காவுக்கு வெளியே குளிர்காலத்தில் பிணைகளைச் சுட்ட வேட்டையும் அந்தச் சரிவில் சேர்ந்ததுதான்.

வழிப்போக்கன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், மனிதர் கை வைப்பதுதான் சிக்கல். வயோமிங் மாநிலத்தில் 1912-இல் அமைந்த எல்க் காப்பிடத்தில் பல குளிர்காலங்களாகத் தீவனம் போட்டு மந்தையைப் பெருக வைக்கிறார்கள். அந்த நெரிசலில் மான்களின் மூளையைத் துளைக்கும் நலிவு நோய் பரவினால் என்ன ஆகும்?

குறிஞ்சிக்கிழான்:
தீவனம் போடுவதை நானும் எதிர்க்கிறேன். அந்த நோய்க்கு அஞ்சித்தான் பிணையின் தலையைச் சோதனைக்குக் கொடுத்தேன். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் கறியைத் தொடவில்லை.