கரண்ட் போய் வந்தாலே வைஃபை பிரிண்டர் ‘ஆஃப்லைன்’: நிரந்தரமாகச் சரிசெய்ய வழி உண்டா?

தாமுவே வாசி (கேள்வி)
ரங்கூனில் வீடு. ஃபைபர் ரவுட்டர், விண்டோஸ் 11 லேப்டாப், இரண்டு ஆண்ட்ராய்டு போன். பிரிண்டர் இங்க் டேங்க் வகை, திரை கிடையாது. கரண்ட் போய்த் திரும்பினால் லேப்டாப்பில் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது. நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் அடுத்த கட் வரைக்கும் ஓடும். ஒரு போனில் பிரிண்டர் தென்படவே இல்லை. ஆனால் பிரிண்டரின் வைஃபை விளக்கு நிலையாக எரிகிறது. என்ன செய்யலாம்?

பெகு மணி
விளக்கு நிலையாக எரிந்தால் வைஃபை இணைப்பில் கோளாறு இல்லை. ஐபி முகவரி (வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) மாறியிருக்கும். ரவுட்டர் அணைந்து எழும்போது முகவரிகளை மறுபடி பங்கிடுகிறது. நேற்று பிரிண்டரிடம் இருந்த 192.168.1.5 இன்று போனுக்குப் போயிருக்கலாம், லேப்டாப்போ பழைய எண்ணையே தேடும்.

பிரிண்டரில் நெட்வொர்க் நிலைத் தாளை அச்சிடுங்கள் (எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும்). அதிலுள்ள மேக் முகவரியை (கருவியின் மாறாத அடையாள எண்) குறித்துக்கொண்டு, பிரவுசரில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, டிஹெச்சிபி (ஐபி எண்களைப் பங்கிடும்) பகுதியில் அந்த மேக்குக்கு 192.168.1.200 என்று ஒதுக்கி வையுங்கள். பிரிண்டரை அணைத்து மறுபடி போடுங்கள்.

அடுத்து லேப்டாப்பில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ். டபிள்யூஎஸ்டி போர்ட் (விண்டோஸ் பிரிண்டரைத் தானே தேடிச் சேர்க்கும் வழி) டிக் ஆகியிருந்தால் அதை நம்ப வேண்டாம், பாதித் தொல்லை அதனால்தான். ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி’ போர்ட் ஒன்று சேர்த்து அதே 192.168.1.200-ஐக் கொடுங்கள். பிங் செய்தால் (அந்த எண் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) பதில் வந்தும் ‘ஆஃப்லைன்’ காட்டினால், கான்ஃபிகர் போர்ட்டில் எஸ்என்எம்பி (பிரிண்டரின் நிலையைக் கேட்கும் முறை) டிக்கை எடுத்துவிடுங்கள்.

மோல்மேன் ராஜா
பிரிண்டர் தென்படாத போனில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) ஓடுகிறதா, முதலில் பாருங்கள். இங்கே பலர் அதை அணைப்பதே இல்லை. போன் அனுப்புவதெல்லாம் விபிஎன் வழியாக வெளியே போய்விட்டால், பக்கத்து மேசைப் பிரிண்டரை எங்கே காண்பது? அணைத்துப் பாருங்கள், அல்லது அந்தச் செயலியில் லோக்கல் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள்.

விபிஎன் இல்லையென்றால் அந்த போன் கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வலை) இருக்கலாம். மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் வைத்திருந்தாலும் இதே சிக்கல்: கீழே 192.168.1, மேலே 192.168.0 என்று இரண்டு வலை ஆகிவிடும். மேல் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (தனி வலை அமைக்காமல் கீழ் வலையையே பரப்பும் முறை) மாற்றினால் ஒன்றாகும்.

பிரிண்டரைப் புதிதாக இணைக்கிறவர்களுக்கு: வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 இருக்கட்டும், டபிள்யூபிஏ3 மட்டும் என்றால் பழைய பிரிண்டர் சேராது. வைஃபை பெயரைப் பர்மிய எழுத்திலோ தமிழிலோ வைக்காதீர்கள். ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தானை (கடவுச்சொல் அடிக்காமல் இணைக்க) அழுத்தினால் 2 நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்தியாக வேண்டும்.

பழைய மெக்கானிக்
தம்பி, கரண்ட் வருவதற்குள் பிரிண்டரின் சுவர் சுவிட்சை அணைத்து வையுங்கள். ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்கு முன்பே பிரிண்டர் எழுந்தால் 169.254 என்று தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ரவுட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் (சிறு பேட்டரிப் பெட்டி) வைத்தால் இந்த வேலையே மிச்சம், அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

அச்சாகும்போதே கரண்ட் போனால் ஹெட் (மை தெளிக்கும் பகுதி) மூடாமல் நின்று மை காய்ந்துவிடலாம். கட் நேரம் நெருங்கினால் பெரிய வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

தாமுவே வாசி
போனில் விபிஎன்தான். அணைத்ததும் தெரிகிறது. ஆனால் ரவுட்டரில் முகவரி ஒதுக்கும் பகுதியே காணோம், இணையக் கம்பெனி பூட்டியிருக்கிறது போல.

பெகு மணி
அப்படியானால் பிரிண்டரிலேயே எண்ணைப் பதியுங்கள். பிரவுசரில் பிரிண்டரின் இப்போதைய ஐபியை அடித்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். ஐபியை ‘மேனுவல்’ ஆக்கி 192.168.1.240, சப்நெட் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 (உங்கள் ரவுட்டர் எண் வேறென்றால் அதை ஒட்டி மாற்றுங்கள்). லேப்டாப் போர்ட்டிலும் இதே 192.168.1.240 போடுங்கள். வீட்டில் நாலைந்து கருவிதான் என்றால் ரவுட்டர் 240 வரை எண்ணிக் கொடுக்க வாய்ப்புக் குறைவு.