கீழாநெல்லிக்கு இருப்பது தனி இலையா, கூட்டிலையா?

தளிர் (கேள்வி)

வணக்கம். செடிகளைப் பார்த்து வரைந்து, பக்கத்திலேயே இலை எப்படி, பூ எப்படி, காய் எப்படி என்று எழுதி வைக்கும் பழக்கம் ஆறேழு மாதமாக இருக்கிறது. ஆரம்பத்தில் "இலை நீளம், நுனி கூர்" என்று மனதில் பட்டதை எழுதினேன், ஆனால் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு எந்தச் செடியையும் தேடிப் பிடிக்க முடியவில்லை, அதனால்தான் கலைச்சொற்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வருகிறேன். இலைக்காம்பு, இலைத்தாள், நரம்பமைவு, மாற்றிலை அமைவு (கணுவுக்கு ஓர் இலை), எதிரிலை அமைவு (கணுவுக்கு எதிரெதிராக இரண்டு இலை) வரைக்கும் பிரச்சினை இல்லை.

கீழாநெல்லியில்தான் மாட்டிக்கொண்டேன். மெல்லிய காம்பு ஒன்று, அதன் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி இலைகள் வரிசையாக. பார்த்ததும் "சிறகு வடிவக் கூட்டிலை", அதாவது பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை, என்று எழுதிவிட்டேன். புளிய இலையும் அதே மாதிரிதானே இருக்கிறது? ஆனால் தாவர விவரிப்புகளில் புளிக்குக் கூட்டிலை என்றும், கீழாநெல்லிக்குத் தனி இலை, மாற்றிலை அமைவு என்றும் இருக்கிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

அப்புறம் வடிவங்கள். ஈட்டி வடிவம், முட்டை வடிவம், நீள்வட்டம் என்று சொல்கிறார்களே, இதற்கு ஏதாவது அளவு உண்டா, இல்லை பார்ப்பவர் கண்ணைப் பொறுத்ததா?

வேர்த்தடம்

நல்ல கேள்வி, இந்த இரண்டு செடியையும் சேர்த்து வைத்துக் கேட்டதுதான் சரியான வழி. இலை எங்கே முடிகிறது, தண்டு எங்கே தொடங்குகிறது என்று தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. கோணமொட்டைத் தேட வேண்டும். ஓர் இலையின் காம்பு தண்டோடு சேரும் இடத்தில், மேல்பக்கமாக உண்டாகும் மூலையை இலைக்கோணம் என்கிறோம். அந்த மூலையில் ஒரு மொட்டு இருக்கும், அது பிறகு கிளையாகவோ பூவாகவோ வளரும். சில செடிகளில் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியதாக இருக்கலாம்.

புளியை எடுங்கள். நடுவில் ஓடும் காம்பில் சிற்றிலைகள் ஒட்டியிருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், எந்த மூலையிலும் மொட்டு இருக்காது. அந்த முழு அமைப்பும் கிளையோடு சேரும் அடியில்தான் மொட்டு. அப்படியென்றால் அந்த முழு அமைப்பும் சேர்ந்துதான் ஓர் இலை, நீங்கள் குட்டி இலை என்று எண்ணியவை எல்லாம் அதன் சிற்றிலைகள்.

இப்போது கீழாநெல்லியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு குட்டி இலையின் அடியிலும் ஒரு பச்சை உருண்டையோ சின்னஞ்சிறு பூவோ தொங்கும். செடியின் பெயரே அதை வைத்துத்தான் வந்தது. பூ வருவது இலைக்கோணத்தில், சிற்றிலையின் கோணத்தில் வராது. ஆக அவை ஒவ்வொன்றும் முழு இலை, அவற்றைத் தாங்கும் "காம்பு" உண்மையில் ஒரு மெல்லிய கிளை. இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அந்தச் சிறு கிளை நடுத்தண்டோடு சேரும் இடத்தைக் கைலென்ஸில் பார்த்தால், அடியில் நுண்ணிய செதில்கள் தெரியும். நடுத்தண்டின் இலைகள்தாம் அப்படிச் செதிலாகச் சுருங்கிவிட்டன, அந்தச் செதிலின் கோணத்திலிருந்து கிளை கிளம்புகிறது.

ஒரு எச்சரிக்கை. "மொத்தமாக உதிர்ந்தால் கூட்டிலை" என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள், நம்ப வேண்டாம். நெல்லி மரமும் கீழாநெல்லியின் இனம்தான், அது தன் சிறு கிளைகளை இலைகளோடு சேர்த்தே உதிர்க்கும்.

மைய நரம்பு

வடிவத்துக்கு அளவு உண்டு. முதலில் கேட்க வேண்டியது, இலையின் அகலமான இடம் எங்கே இருக்கிறது என்பது. பாதிக்குக் கீழே, காம்புப் பக்கமாக அகலம் அதிகமென்றால் முட்டை வடிவம் அல்லது ஈட்டி வடிவம். சரியாக நடுவில் என்றால் நீள்வட்டம். நுனிப் பக்கம் என்றால் தலைகீழ் முட்டை வடிவம். இரண்டு விளிம்பும் ஏறக்குறைய இணையாக ஓடினால் நீள்சதுரம்.

அடுத்தது நீளத்தை அகலத்தால் வகுப்பது. முட்டை வடிவத்தில் நீளம் அகலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். மூன்று மடங்கைத் தாண்டி, அடியிலிருந்து நுனிவரை சீராக ஒடுங்கிக்கொண்டே போனால் ஈட்டி. நூலாசிரியருக்கு நூலாசிரியர் எல்லை கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால்தான் விவரிப்புகளில் "நீள்வட்டம் முதல் ஈட்டி வடிவம் வரை" என்று எழுதுகிறார்கள். அது மழுப்பல் இல்லை, அந்தச் செடியில் அத்தனையும் கிடைக்கிறது என்று பொருள். கிளையின் நடுப்பகுதியிலிருந்து முதிர்ந்த இலைகளாகப் பத்து எடுத்து அளந்து பாருங்கள், நுனியில் இருக்கும் இளம் இலையையும் அடியில் இருக்கும் குட்டையான இலையையும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கூட்டிலை என்றால் சிற்றிலையின் வடிவத்தைத்தான் எழுத வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேப்பிலையில் ஒரு சிற்றிலையைத் தனியாகப் பிடித்து மைய நரம்போடு மடித்துப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது, அடியில் ஒரு பக்கம் இன்னொன்றைவிட அகலமாக இருக்கும், முழுச் சிற்றிலையும் அரிவாள் போல லேசாக வளைந்திருக்கும். "ஈட்டி வடிவம்" என்று மட்டும் எழுதினால் இது இரண்டும் விட்டுப்போகும். "அடி சமமற்றது, விளிம்பு ரம்பப் பல் போன்றது" என்று சேர்த்து எழுதினால்தான் அது வேம்பு.

காம்பு எங்கே ஒட்டுகிறது என்பதையும் பாருங்கள். தாமரையில் காம்பு இலையின் நடுவில் வந்து சேர்கிறது, அதைக் கேடய வடிவம் என்போம், விளிம்பில் எந்த வெட்டும் இருக்காது. அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்புவரை ஒரு பிளவு ஓடும். பூ இல்லாத காலத்திலும் இரண்டையும் இதை வைத்தே பிரித்துவிடலாம்.

தளிர்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் கீழாநெல்லியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு இலைக்கும் கீழே ஒரு குட்டிக் காய், ஒன்றை நகத்தால் பிளந்தேன், மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை. இத்தனை நாள் மேலிருந்தே பார்த்து வரைந்திருக்கிறேன். பழைய குறிப்பு எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கப் போகிறேன்.

காகிதப்பூவுக்கு "இதழ் மூன்று, இளஞ்சிவப்பு, தண்டில் முள்" என்று எழுதியிருக்கிறேன். இதுவும் தவறுதானா?

வேர்த்தடம்

முதல் பாதி தவறு. அந்த வண்ணத் தாள்கள் மூன்றும் பூவடிச் செதில்கள், அதாவது பூவுக்கு அடியில் வரும் இலையின் மாற்றுரு. ஒன்றைப் பிரித்து உள்பக்கம் திருப்பினால், அதன் நடு நரம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் நிற்கும், வாய் வெளிர் நிறத்தில் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். அதுதான் பூ. ஒரு கொத்தில் மூன்று செதில், மூன்று பூ. அந்தக் குழாயைக்கூட அல்லி (அகவிதழ்) என்று எழுதக் கூடாது, அதற்குத் தனியாக அல்லி வட்டம் கிடையாது, புல்லி, அல்லி என்று பிரியாத பூவிதழ் வட்டம் என்று எழுதுங்கள்.

முள் என்று எழுதியது தவறில்லை, ஆனால் போதாது. நமக்கு எல்லாமே முள்தான், தாவரவியலில் அது எந்த உறுப்பு என்று கேட்பார்கள், பதில் மறுபடியும் இடத்தைப் பொறுத்ததுதான். காகிதப்பூவின் முள் இலைக்கோணத்தில், கிளை வரவேண்டிய இடத்தில் இருக்கிறது, ஆகவே கிளையின் மாற்றுரு. கருவேலத்தில் இலையின் அடியில் இரண்டு பக்கமும் சோடியாக நிற்கிறது, அது இலையடிச் செதில்களின் மாற்றுரு. சப்பாத்திக்கள்ளியில் முள் இலையின் மாற்றுரு, நாம் இலை என்று நினைக்கும் பச்சைத் தட்டையான பகுதி தண்டு.

ஏடு

தாமதமாக வருகிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இடம் பார்த்துப் பெயரிடுவது நம் மொழிக்குப் புதிதில்லை. தொல்காப்பிய மரபியலில் வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, வெளிப்புறம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எவ்வளவு உயரமாக வளர்ந்தாலும் பனையும் மூங்கிலும் புல் வகைதான், இன்றைக்கு ஒருவித்திலைத் தாவரம் என்கிறோமே, ஏறக்குறைய அந்தக் கூட்டம். ஓலை, மடல், ஈர்க்கு எல்லாம் புல்லோடு வரும் சொற்கள் என்றும், இலை, தளிர், முறி எல்லாம் மரத்தோடு வருபவை என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது.

தளிர், உங்கள் குறிப்பேட்டில் ஒரே சொல்லை ஒரே பொருளில் கடைசிவரை பயன்படுத்துங்கள். புல்லி என்று ஒரு பக்கத்திலும் புறவிதழ் என்று இன்னொரு பக்கத்திலும் எழுதினால் பிறகு நீங்களே தேட முடியாது. முன்பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு சிறு படம் வரைந்துவிடுங்கள்.

தளிர்

இன்றிரவே பட்டியல் போடுகிறேன். ரோஜா முள் இதில் எந்த வகை? அது இலைக்கோணத்திலும் இல்லை, இலையின் இரண்டு பக்கமும் இல்லை, தண்டு முழுக்க கண்டபடி இருக்கிறதே.

வேர்த்தடம்

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அது எந்த உறுப்பின் மாற்றுருவும் இல்லை, தண்டின் மேல்தோலிலிருந்து கிளம்பிய புடைப்பு, அதனால்தான் அதற்கென்று ஓர் இடம் கிடையாது. கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள், சுத்தமாகக் கழன்று வரும், அடியில் ஈரமான ஒரு வழுவழுப்பான தழும்பு மட்டும் இருக்கும். காகிதப்பூ முள்ளை அதே மாதிரி அழுத்திப் பார்த்தால் அது கழலாது, ஒடியத்தான் செய்யும், உள்ளே கட்டை இருக்கிறது.