மாலேயில் மாலையில் இறங்கினால் தனித்தீவு ரிசார்ட்டுக்குப் போக வழி?

வணக்கம், குன்னூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு மாலத்தீவில், பா பவளத்தீவுக் கூட்டத்தில், தனித்தீவு ரிசார்ட் ஒன்றில் டிசம்பருக்கு அறை போட்டு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. கொச்சியிலிருந்து காலை விமானம். அதை இப்போது பிற்பகலுக்கு மாற்றிவிட்டார்கள். தலைநகர் மாலே போய்ச் சேரவே மாலை 5 மணி ஆகிவிடும். அங்கிருந்து ரிசார்ட்டுக்குப் போகிற கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும்.

விமான நிறுவனத்திடம் கேட்டேன், அன்று வேறு விமானம் இல்லையாம். ரிசார்ட்டுக்கு மெயில் போட்டால், மாலே விமான நிலையத்தை அடுத்த ஹுலுமாலே தீவில் தங்கி மறுநாள் வாருங்கள், முதல் இரவுப் பணம் திரும்பாது என்கிறார்கள். பிறந்தநாளே அந்த இரவுதான். கோவை ஏஜெண்டும் கைவிரித்துவிட்டார்.

மிச்சமிருப்பது ஒரு வழி: உள்நாட்டு விமானத்தில் தாரவந்தூ (பா கூட்டத்திலேயே விமான நிலையம் உள்ள தீவு), அங்கிருந்து ஸ்பீட் போட். ரிசார்ட்டே ஏற்பாடு செய்யுமாம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. நம் ஊர்ப் படிகளிலேயே கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவார். இருட்டில், ஆடுகிற படகில் எப்படி ஏறுவார் என்பதுதான் என் பயம். அவரோ கடலைப் பார்க்கும் ஆசையில் இப்போதே வர்க்கி டப்பாவைப் பெட்டியில் வைத்துவிட்டார்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இரவில் தாரவந்தூ வழியாக ஸ்பீட் போட்டில் கூட்டிப்போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா, ஏறி இறங்க எப்படி இருந்தது?