பழைய டாஸ் கணக்கைப் புதிய விண்டோஸில் ஓட்டிய அனுபவங்கள்

காரைக்குடி – அடகுக்கடைக் கணக்கு

எங்கள் அப்பச்சி (அப்பா) காரைக்குடியில் நடத்திவரும் நகை அடகுக்கடையில், 1994ஆம் ஆண்டு உள்ளூர் இளைஞர் ஒருவர் கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதிக்கொடுத்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயக்குதளம்) நிரல்தான் இன்றுவரை கணக்கு எழுதுகிறது. அதற்கு முன்பு சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாமே கைக்கணக்குதான். நிரலை எழுதியவர் இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கலுக்காக (ஆண்டை இரண்டு இலக்கத்தில் வாங்கும் நிரல், 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் சிக்கல்) 1999இல் ஒரு முறை திருத்திக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். மூல நிரல் எங்களிடம் இல்லை. இருப்பவை ஓர் இஎக்ஸ்இ கோப்பும் (ஓடும் நிரல்), பதினொரு டிபிஎஃப் கோப்புகளும் (கணக்குப் பதிவுகள்), அவற்றுக்கான பதிவுகளைத் தேட உதவும் என்டிஎக்ஸ் அட்டவணைக் கோப்புகளும் மட்டுமே. விண்டோஸ் 98, எக்ஸ்பி, 32 பிட் விண்டோஸ் 7 என்று கணினி மூன்று முறை மாறியும் நிரல் ஓடிக்கொண்டே இருந்தது. 2023 மே மாதம் மதர்போர்டு பழுதாகி விண்டோஸ் 11 கணினி வாங்கியபோதுதான் முதன்முறையாக நின்றது. இருமுறை சொடுக்கினால், இந்த நிரல் இந்தக் கணினியில் ஓடாது என்ற ஒரே பதில்தான் வந்தது.

நிரல் கோப்பின் பண்புகளுக்குள் (ப்ராப்பர்ட்டீஸ்) போய் 'எக்ஸ்பி பொருந்துநிலை' என்று குறியிட்டுப் பார்த்து இரண்டு நாளை வீணாக்கினேன். வேறு யாரும் அப்படி நாளைக் கழிக்கக் கூடாது என்பதற்காகவே காரணத்தை முதலில் சொல்கிறேன். டாஸ் நிரல் 16 பிட் நிரல் (செயலி ஒரே மூச்சில் கையாளும் தகவலின் அளவே இந்தப் பிட் கணக்கு). 32 பிட் விண்டோஸில் அதை ஓட்டுவதற்கென்று என்டிவிடிஎம் என்றொரு பகுதி, 1993இல் வந்த விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே இருந்தது. அது கணினிச் செயலியின் (பிராசசரின்) 'வெர்ச்சுவல் 8086' என்ற, பழைய செயலியைப் போல நடந்துகொள்ளும் நிலையை நம்பி வேலை செய்வது. செயலி 64 பிட் நிலையில் ஓடும்போது அந்த வசதியே கிடையாது என்பதால், 64 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம்மை வைக்கவில்லை. விண்டோஸ் 10 வரையிலாவது 32 பிட் பதிப்பு உண்டு. விண்டோஸ் 11 வெளிவருவதே 64 பிட்டில் மட்டும். ஆகவே எந்த அமைப்பை மாற்றினாலும் நிரல் நேரடியாக ஓடப் போவதில்லை. பழைய கணினியையே மென்பொருளாகப் போலச்செய்யும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்று வேண்டும்.

கணினி விற்றவர், "இதை விட்டுவிட்டுப் புது மென்பொருள் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய கணக்கை மாற்றித் தருகிறோம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் காட்டிய மாதிரியில் பத்து பழைய ரசீதுகளைப் போட்டுப் பார்த்தோம். ஏழு ரசீதுகளில் வட்டி எங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. புது மென்பொருள் ஆண்டு வட்டியை நாள்கணக்காகப் பிரித்துப் போடுகிறது. எங்கள் கடையிலோ பதினைந்து நாள் வரை அரை மாத வட்டி, அதற்கு மேற்பட்டால் முழு மாத வட்டி; அடகு வைத்த நாள் கணக்கில் சேராது, திருப்பும் நாள் சேரும். இந்த விதி எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதில்லை. ஐயா (தாத்தா) காலத்து வழக்கத்தை அப்பச்சி வாய்மொழியாகச் சொல்ல, அந்த இளைஞர் நிரலுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வித்தியாசம் ரசீதுக்குச் சில ரூபாய்தான். ஆனால் முப்பது ஆண்டுகளாக வரும் ஒரு வாடிக்கையாளரிடம், கணினி மாறியதால் உங்கள் வட்டியும் மாறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? டிபிஎஃப் கோப்பில் உள்ள பதிவுகளை எந்த மென்பொருளுக்கும் மாற்றிவிடலாம், இஎக்ஸ்இ கோப்புக்குள் இருக்கும் வழக்கத்தை அப்படி மாற்ற முடியாது. பழைய நிரலைக் கைவிட நினைப்பவர்கள், முதலில் அதை ஒரு முறையாவது புதிய கணினியில் ஓடவைத்து, அது போடும் கணக்கைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் அழுத்தமாகச் சொல்வது இதனால்தான்.

டாஸ்பாக்ஸை நிறுவி, கணக்குக் கோப்புறையை அதன் சி டிரைவாக மவுண்ட் செய்ததும் (இணைத்ததும்), நீலத் திரையில் எங்கள் கடைப் பெயர் வந்துவிட்டது. அப்பச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கையிலிருந்த ரசீது ஒன்றைச் சோதனைக்காகப் புதிதாகப் பதிந்தேன். அசல் 20,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அடகு வைத்த தேதி 12/03/23. அன்று 2023 ஜூன் 12. மூன்று மாதத்துக்கு 600 ரூபாய் வர வேண்டும். திரையில் வந்த வட்டி 2,40,600 ரூபாய்.

"பூட்டியார் காலத்து வட்டியால்ல இருக்கு" என்றார் அப்பச்சி. அவர் வியப்பில் சொன்னது சரியான விடையாகவே இருந்தது. 2,40,600ஐ மாத வட்டி 200ஆல் வகுத்தால் 1203 மாதம், அதாவது நூறு ஆண்டும் மூன்று மாதமும். நிரல் 23 என்பதை 1923 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய வன்தட்டிலிருந்து எடுத்தபோது, 1999க்கு முந்தைய இஎக்ஸ்இ இருந்த நகல் கோப்புறையை நான் கொண்டுவந்துவிட்டேன். ஏற்கெனவே பதிவான தேதிகளுக்கு இதனால் கேடில்லை. டிபிஎஃப் கோப்பு ஆண்டை நான்கு இலக்கத்தோடுதான் சேமிக்கிறது, புதிதாகத் தட்டும் தேதியில்தான் பிழை நேர்கிறது. பழைய ரசீதுகளை மட்டும் திறந்து பார்த்து நிறைவடைந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது. 1999ஆம் ஆண்டுக் கோப்பைத் தேடி எடுத்து வைத்ததும் 600 என்று வந்தது.

அச்சுக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் நிரல் எல்பிடி1 என்ற பழைய 25 பின் வாயிலுக்குத்தான் அனுப்பும். புதிய கணினியில் அந்த வாயில் இல்லை. யுஎஸ்பி கம்பி போட்டால் விண்டோஸுக்குப் பிரிண்டர் தெரிகிறது, டாஸ் நிரலுக்குத் தெரிவதில்லை. டாஸ்பாக்ஸ் முக்கியமாக விளையாட்டுகளுக்காக உருவானது, அச்சிடும் வசதி அதில் இல்லை. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸில் உண்டு. அதன் அமைப்புக் கோப்பில் முதல் பேரலல் வாயிலை 'ஃபைல்' என்று வைத்தேன். ரசீது ஒரு கோப்பாக விழுகிறது. அந்தக் கோப்பை, பகிர்வில் வைத்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குக் காப்பி கட்டளையால் அனுப்புகிறேன். கட்டளையோடு சாய்கோடு பி (/b) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், கோப்பின் நடுவில் 26ஆம் எண் குறி வந்தால் அதோடு முடிந்ததாக எடுத்துக்கொண்டு ரசீது பாதியில் நின்றுவிடும். இந்த வழியில் நிரல் அனுப்பும் 15ஆம் எண் குறி அப்படியே பிரிண்டருக்குப் போய், எழுத்து முன்போலவே நெருக்கமாக விழுகிறது. அச்சடித்து வைத்திருக்கும் ரசீதுத் தாளின் கட்டங்களுக்குள் ஒவ்வொரு எண்ணும் சரியாக உட்கார்ந்தபோதுதான் அப்பச்சி எழுந்து போனார்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சாதாரண டாஸ்பாக்ஸில் கண்ட்ரோலும் எஃப்9உம் சேர்ந்தால், எதையும் கேட்காமல் சாளரமே மூடிக்கொள்ளும். நிரல் பதிவெழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் அட்டவணைக் கோப்பு கெடும். என்டிஎக்ஸ் கோப்புகளை நிரலின் வழியாகவே மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்றாலும், கடை நேரத்தில் வாடிக்கையாளரை உட்கார வைத்துக்கொண்டு செய்யும் வேலையன்று அது.

தேவகோட்டை – கோயில் புள்ளிக் கணக்கு

நான் எழுதுவது சற்று வேறு வகை. எங்கள் ஊர் நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகம்) புள்ளிப் பட்டியலை (திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி), 1990களில் என் பெரியப்பச்சி டிபேஸ் மூன்று என்ற தரவுத்தள நிரலில் தமிழிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார். எந்த வீட்டில் எத்தனை புள்ளி, யார் இளையாற்றங்குடிக் கோயில், யார் மாத்தூர், யார் இரணியூர் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. திருமணம் பேசும்போது கோயில் பிரிவு பார்க்கும் எங்களுக்கு அது எவ்வளவு வேண்டியது என்று இப்பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள், தலா 1.2 மெகாபைட். கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ்கள் மூன்றரை அங்குலத்துக்கு மட்டுமே. மதுரையில் பழைய கணினி ஒன்றை வைத்திருந்த பழுதுபார்ப்பவர் மூன்றைப் படித்துக் கொடுத்தார். நான்காவது பாதியோடு நின்றது. அதில் விடுபட்ட குடும்பங்களைக் கையேட்டைப் பார்த்துத்தான் மறுபடி பதிய வேண்டியிருந்தது.

டாஸ்பாக்ஸில் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கோடும் மூலையுமாக, கட்டம் போடும் குறிகளே நிறைந்திருந்தன. கோப்பு கெட்டுவிட்டது என்று முதலில் மனம் உடைந்துபோனேன். கெடவில்லை. பெரியப்பச்சியின் கணினியில் புணே சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை இருந்தது. அது இஸ்கி என்ற இந்தியக் குறிமுறையைத் தமிழ் எழுத்தாகத் திரையில் வரையும். இஸ்கியில் 'க' எழுத்துக்கு உரிய எண் 179. அட்டை இல்லாத டாஸ் திரைக்கு 179 என்பது ஒரு செங்குத்துக் கோடு. 'கண்டனூர்' என்று தொடங்கும் வரிகளெல்லாம் வரிசையாக ஒரே நெடுங்கோட்டில் தொடங்கியதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கிற்று.

அதன்பின் வழி எளிது. விண்டோஸுக்கே இஸ்கித் தமிழ் தெரியும். அதன் குறிப்பக்க (கோட் பேஜ்) எண் 57004. விண்டோஸின் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் அந்த எண்ணைக் கொடுத்துக் கோப்பைப் படித்து, யூனிகோடாக எழுதச் சொன்னேன். யூனிகோடின் தமிழ்ப் பகுதியே இஸ்கியின் வரிசையை ஒட்டி அமைந்தது என்பதால், கொம்பும் காலும் இடம் மாறாமல் பெயர்கள் அப்படியே வந்தன. முதலில் வந்த பெயர் என் ஐயாவுடையது. அட்டை வேண்டும் என்று தேடி அலைபவர்கள், திரையில் தெரிவதைக் கண்டு கலங்காமல், கோப்பை முதலில் நகலெடுத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள்.

பள்ளத்தூர் – பள்ளிக் கால அட்டவணை

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் நானே எழுதிய கால அட்டவணை நிரல், எக்ஸ்பி கணினியிலேயே 'ரன்டைம் எர்ரர் 200' என்று நின்றுபோனது. சுழியால் வகுத்த பிழை என்று அதற்குப் பொருள், ஆனால் என் நிரலில் எங்கும் அப்படி வகுக்கவில்லை. என் நிரல் பயன்படுத்தும் சிஆர்டி என்ற டர்போ பாஸ்கல் தொகுதி, நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்கிறது. கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி 55ஆல் வகுக்கிறது. கணினி மிக வேகமானால் ஈவு 16 பிட்டுக்குள் அடங்காது. அதையே செயலி வகுத்தல் பிழையாக அறிவிக்கிறது. டாஸ்பாக்ஸில் 'சைக்கிள்ஸ்' என்ற வேக அளவை 3000 என்று வைத்தேன், பிழை வரவில்லை. வேகத்தைக் கூட்டினால்தான் நல்லது என்று எண்ணி அதை உயர்த்திவிடாதீர்கள்.

புதுவயல் – அரிசி ஆலை

எங்கள் ஆலையில் எடை மேடையில் ஒரு கணினி, அலுவலகத்தில் ஒன்று. இரண்டும் ஒரே ஃபாக்ஸ்புரோ (பழைய தரவுத்தள நிரல்) கோப்புறையைப் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் டாஸ்பாக்ஸ் போட்டோம். ஒரு வாரத்தில் இரண்டு லாரிகளுக்கு ஒரே சீட்டு எண் விழுந்துவிட்டது. இதற்கு என்ன செய்யலாம் என்று காரைக்குடி அன்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.

காரைக்குடி – புதுவயல் அன்பருக்கு

ஐயா, சாதாரண டாஸ்பாக்ஸ் பதிவுப் பூட்டை மதிப்பதில்லை. ஒருவர் பூட்டிய பதிவை மற்றவரும் அதே நேரத்தில் எழுதிவிட முடியும், உங்களுக்கு நேர்ந்தது அதுதான். அலுவலக நிரல்களுக்கென்றே உருவான விடாஸ், கோப்புப் பூட்டை விண்டோஸிடமே ஒப்படைக்கிறது, அச்சையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதை வைத்துச் சோதித்து முடிக்கும்வரை எடை மேடைக் கணினியில் மட்டும் பதியுங்கள்; அலுவலகத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோதனையையும் அசல் கோப்புறையில் செய்யாமல் நகலில் செய்யுங்கள். இரண்டு கணினியிலும் ஒரே பதிவைத் திருத்தத் திறந்து, இரண்டாவதில் 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்ற பொருளில் செய்தி வருகிறதா என்று பாருங்கள். அந்தச் செய்தி வந்த பிறகு எடைச் சீட்டு போடலாம்.