பேக்பிரஷர்: பின்னழுத்தமா, எதிர்த்தேக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஈதர்நெட் இயக்கிகள் பற்றிய பயிற்சிக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வரும்போது, பேக்பிரஷர் (கீழ் அடுக்கு ஏற்க முடியாதபோது மேல் அடுக்கும் படிப்படியாக நின்றுபோவது) என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, 'பின்னழுத்தம்'. மற்றது, தனிச்சொல்லே வேண்டாம், 'பாய்வுக் கட்டுப்பாடு' என்பதிலேயே அடக்கிவிடலாம் என்பது. இரண்டையும் பாடத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தை ஒரு சில்லை வைத்தே சொல்கிறேன்.

மைக்ரோசிப் நிறுவனத்தின் இஎன்சி28ஜே60 என்ற ஈதர்நெட் சில்லு. ஆர்டுயினோ பலகைகளோடு பழகியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். கம்பியில் வேகம் 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்). செயலியோடு பேசுவது எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பு வழியாக. உள்ளே இருப்பது 8 கேபி நினைவகம் மட்டுமே. லினக்ஸ் இயக்கி அதில் ஆறரை கேபியைப் பெறும் பக்கத்துக்கும் ஒன்றரை கேபியை அனுப்பும் பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஈதர்நெட் கம்பியில் பொட்டலத்தைச் சுமந்து செல்லும் முழு அளவுச் சட்டகம் (ஃபிரேம்) 1518 பைட். ஆக, அனுப்பும் பக்கத்தில் ஒரே ஒரு சட்டகத்துக்குத்தான் இடம். அது கம்பியில் இறங்கி முடிய 1.2 மில்லிநொடி ஆகும். மேலே இருக்கும் செயலிக்கு அது மிக நீண்ட நேரம்.

அதனால் இந்த இயக்கி, ஒரு பொட்டலம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக நெட்இஃப்_ஸ்டாப்_கியூ என்ற கர்னல் சார்பை அழைத்து வரிசையை நிறுத்திவிடுகிறது. அப்புறம்தான் சில்லுக்கு நகலெடுக்கும் வேலை, அதுவும் தனியாக ஒரு வேலைவரிசையில் (வொர்க்கியூ). எஸ்பிஐ பரிமாற்றம் நடுவே தூங்கலாம் (காத்து நிற்கலாம்), இயக்கியின் அனுப்பும் சார்பு (ஃபங்ஷன்) தூங்கக் கூடாது என்பதுதான் காரணம். அனுப்பி முடித்ததாகச் சில்லு குறுக்கீடு (இன்டரப்ட்) கொடுத்தபின் நெட்இஃப்_வேக்_கியூவை அழைத்து வரிசையை மீண்டும் ஓடவிடுகிறது.

வரிசை நின்றிருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் நம் சொல்லுக்கு முக்கியம். பொட்டலங்கள் மேலே கியூடிஸ்க்கில், அதாவது இயக்கிக்கு மேலே கர்னல் வைத்திருக்கும் காத்திருப்பு வரிசையில், சேர்கின்றன. அங்கே காத்திருக்கும் பைட்டுகள் இன்னும் சாக்கெட்டின் (நிரல் வலையமைப்போடு பேசும் வாயிலின்) கணக்கில்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கு நிரம்பியதும் தரவை அனுப்ப நிரல் விடுக்கும் ரைட் அழைப்பு தூங்கப் போகிறது. கம்பியின் மெதுவான வேகம் இப்படிப் படிப்படியாக மேலேறி, கோப்பை அனுப்பிக்கொண்டிருந்த நிரலையே நிறுத்திவிடுகிறது.

இதில் அழுத்தம் எங்கே இருக்கிறது? கீழிருந்து யாரும் எதையும் தள்ளவில்லை. போக இடமில்லாததால் மேலே இருப்பது தேங்குகிறது, அவ்வளவுதான். 'பின்னழுத்தம்' என்று படித்த ஒரு மாணவர், சில்லுதான் பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று எடுத்துக்கொண்டார். அவர் மேல் தவறில்லை, சொல் அப்படித்தான் இழுத்துப் போகிறது.

'பாய்வுக் கட்டுப்பாடு' நல்ல சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. 1997இல் வந்த 802.3எக்ஸ் என்ற ஈதர்நெட் தரத்தின் பாஸ் சட்டகம், எதிர்முனைக் கருவிக்கு 'கொஞ்ச நேரம் நிறுத்து' என்று வெளிப்படையாகச் செய்தி அனுப்புகிறது. ஒரு கிகாபிட் வேகத்தில் ஒரு சட்டகத்தால் அதிகபட்சம் 33.5 மில்லிநொடி நிறுத்திவைக்கலாம். பேக்பிரஷர் அப்படி அல்ல. அது ஒரே கணினிக்குள், அடுக்கு அடுக்காக நடப்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், "பாய்வுக் கட்டுப்பாட்டை அணைத்தாலும் பேக்பிரஷர் இருக்கும்" என்ற எளிய வாக்கியத்தைக்கூடத் தமிழில் எழுத முடியாது.

என் பரிந்துரை: எதிர்த்தேக்கம்.

காவிரி டெல்டாவில் அடைமழைக் காலத்தில் "கடல் தண்ணி வாங்கல" என்பார்கள். கடல் வாங்காததால் வடிகால் ஆறு வடியாது, ஆறு வடியாததால் வாய்க்கால் வடியாது, கடைசியில் பல மைல் தள்ளியிருக்கும் வயலில் பயிர் மூழ்கி நிற்கும். சில்லிலிருந்து ரைட் அழைப்பு வரை நடப்பதும் இதேதான். வினையாகவும் புழங்கலாம்: "வரிசை எதிர்த்தேங்கி நிற்கிறது". எதிர்க்கட்சி, எதிர்த்திசை போல ஒற்று மிகும்.

பஃபருக்கு (தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்துக்கு) 'இடையகம்' இருக்கட்டும், அதில் எனக்குச் சிக்கலில்லை. ஆனால் பாடத்தில் இடையகத்தை மட்டும் சொல்லி எதிர்த்தேக்கத்தை விட்டுவிட்டால், இடையகத்தைப் பெரிதாக்கினால் வேக வேறுபாடு தீர்ந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கே அப்படித்தான் இருந்தது. ஒரு 100 எம்பிபிஎஸ் பலகையில் அனுப்பும் வளையத்தை (அனுப்பக் காத்திருக்கும் சட்டகங்களுக்கு இயக்கி வைத்திருக்கும் வரிசை) 256 இடங்களிலிருந்து 4096 ஆக்கினேன். பொட்டல இழப்பு குறைந்தது, மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அப்புறம் எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து கட்டளையிடும் இணைப்பு) ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் வர அரை நொடி ஆயிற்று. 4096 முழுச் சட்டகங்கள் அந்தக் கம்பியில் இறங்கி முடியவே அரை நொடி வேண்டும். என் எழுத்து அவற்றின் பின்னால் நின்றது. வளையத்தில் எத்தனை பைட் போகலாம் என்று தானே அளந்துகொள்ளும் பைட் கியூ லிமிட்ஸ் அப்போது வந்திருக்கவில்லை, 2012இல் லினக்ஸ் கர்னல் 3.3இல்தான் வந்தது. அது செய்வதைத் தமிழில் சொல்வதானால், எதிர்த்தேக்கத்தைச் சீக்கிரமே தொடங்கிவைப்பது. 'பின்னழுத்தத்தைச் சீக்கிரம் தொடங்குவது' என்று எழுதிப் பாருங்கள், ஒன்றும் புரியாது.

பெறும் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எதிர்த்தேக்கம் தானாக வராது, அனுப்புகிறவர் கம்பியின் மறுமுனையில் இருக்கிறார். இஎன்சி28ஜே60இன் ஆறரை கேபியில் நான்கு முழுச் சட்டகங்கள் அடங்கும். இயக்கி 5 மில்லிநொடிக்குமேல் திரும்பிப் பார்க்காவிட்டால் அடுத்தது கீழே விழும். அதற்கு 'வழிதல்' போதும் என்று நினைக்கிறேன்.

ஸ்டாப், வேக் இரண்டுக்கும் 'மடையடைப்பு', 'மடைதிறப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. எதிர்த்தேக்கத்தில் இருக்கிறது. இலங்கை நண்பர்கள் தங்கள் பொறியியல் வகுப்புகளில் வேறு சொல் புழங்குகிறார்களா என்று தெரிவித்தால் மூன்றாம் அத்தியாயத்தை முடிப்பதற்குள் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவேன்.