மறு: கலர் புரொஃபைலுக்கு ‘இயல்பேடு’ என்று வைத்துப் பார்ப்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

அச்சு மெஷின் எந்தத் தாளில் எந்த நிறத்தைத் தரும் என்று எழுதி வைக்கும் கணக்குதான் கலர் புரொஃபைல், அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கடையில் கல்யாண அட்டை வேலை குவிந்து கிடந்ததால் பதில் எழுத முடியவில்லை. ‘வண்ணச் சுயவிவரம்’ என்று ஒருவர், ‘நிற விவரக்கோப்பு’ என்று இன்னொருவர், ‘நிறக்குறிப்பு’ என்று பினாங்கு ஐயா. மன்னிக்கவும், என் ஓட்டு மூன்றுக்கும் இல்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் கோலாலம்பூர் செந்தூலில் என் அச்சுக்கடையில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல் இல்லாததால் எனக்குக் கையை விட்டுக் காசே போயிருக்கிறது.

மணப்பெண்ணின் புடவை மயில்கழுத்து நிறம், அட்டையும் அதே நிறத்தில் வேண்டும் என்றார்கள். 260 கிராம் ஆர்ட் கார்டில், அதாவது பூச்சு பூசிய வழவழப்பான அட்டையில், மாதிரி அடித்துக் கொடுத்தோம். அச்சு அசல் புடவை நிறம் இல்லை, ஆனாலும் பெண்ணின் அம்மா தலையாட்டிவிட்டார். அப்புறம் உள்தாளை மட்டும் 100 கிராம் சிமிலியில் (பூச்சில்லாத சாதாரணத் தாள்) போடலாம் என்று முடிவாயிற்று. பையன் டிரேயில் தாளை மாற்றி அடித்தான். நிறம் செத்துப் போயிருந்தது, இருண்ட இடமெல்லாம் கரி அப்பியது போல். “கலர் செட் பண்ணியா?” என்றேன். “பண்ணிட்டேன் அண்ணே, ரெண்டு தடவ.” அவன் பொய் சொல்லவில்லை. அவன் செய்தது காலிபிரேஷன். நான் கேட்டது, சிமிலிக்கு உரிய புரொஃபைலை மாற்றினாயா என்று. மெஷின் அதுவரை ஆர்ட் கார்டின் புரொஃபைலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சிமிலியின் குணமே இப்படித்தான் போல என்று நானும் விட்டுவிட்டேன். 400 தாள் குப்பைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

எங்கள் தொழிலில் ‘கலர் செட் பண்றது’ என்ற ஒரே வாய்ச்சொல்லில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்து படத்தையே திருத்துவது ஒன்று, அதற்கு நிறத்திருத்தம் என்ற சொல் இருக்கிறது, அதில் யாருக்கும் தகராறு இல்லை. சிக்கல் மற்ற இரண்டில்.

காலிபிரேஷன் என்பது மெஷினைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. நம் ஊர் ஈரப்பதம் எல்லாருக்கும் தெரியும். இரவு ஏர்கோனை அணைத்துவிட்டு, பிரித்த தாள்கட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனால் காலையில் ஓரமெல்லாம் அலை அலையாக நிற்கும். டோனர் என்கிற தூள்மை ஏற்கும் மின்னூட்டமும் ஈரத்தோடு மாறுகிறது, அதனால் நேற்று 50 சதவீதம் நீலம் என்று விழுந்தது இன்று அதே அடர்த்தியில் விழாது. ஆகவே தினமும் பசியாறப் போவதற்கு முன்பே நிறப் பட்டைகளை அடித்து, அளந்து, மெஷின் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்கிறோம். மலாயில் இதை ‘பெனெந்துகுரான்’ என்கிறார்கள். ‘தெந்து’ என்றால் உறுதி, ‘உகுர்’ என்றால் அளவு, இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். நம்மிடமும் அளவுத்திருத்தம் என்ற சொல் ஏற்கனவே நடமாடுகிறது. அதுவே போதும், இருக்கிற சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுச்சொல் நடுவதில் எனக்கு விருப்பமில்லை.

புரொஃபைல் அப்படியில்லை. அது எதையும் திருத்துவதில்லை, ‘இந்த மெஷின், இந்த மை, இந்தத் தாள் மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான் இருக்கும்’ என்று எழுதி வைத்த கணக்கு, அவ்வளவுதான். மென்பொருள் தானாக நிறத்தைப் பொருத்தும் நிற மேலாண்மையை முழுக்க அணைத்துவிட்டு, குறிப்பிட்ட தாளில் கட்டங்கள் நிறைந்த ஓர் அட்டவணையை அடிக்கிறோம். ஐடி8.7/4 என்ற அட்டவணையில் மட்டும் 1,617 கட்டங்கள். ஒவ்வொன்றையும் நிறம் அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோவால் படித்தால், எந்த மைக்கலவை என்ன நிறமாகக் கண்ணுக்குத் தெரியும் என்ற பட்டியல் கிடைக்கிறது. அதை எந்த மென்பொருளும் படிக்கும்படி ஒரே வடிவத்தில் வைப்பதற்காகத்தான் 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி (இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியம்) அமைப்பைத் தொடங்கின. தாள் எவ்வளவு மை தாங்கும் என்பதும் இந்தக் கணக்கில் அடக்கம். நான்கு மையும் முழுதாக விழுந்தால் 400 சதவீதம், அதைப் பெரும்பாலான தாள்கள் தாங்காது. எங்கள் சிமிலியில் கரி அப்பியதற்குக் காரணமே ஆர்ட் கார்டுக்குப் போட்டிருந்த மை வரம்பு.

இப்போது உங்கள் சொற்களுக்கு வருகிறேன். சுயவிவரம் என்றவுடன் பையனுக்குத் தன் வாட்ஸ்அப் படம்தான் ஞாபகம் வரும். மெஷின் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளவும் இல்லை, நாம்தான் அளந்து எழுதுகிறோம், இதில் ‘சுய’ எங்கே? விவரக்கோப்பில் தப்பில்லை, ஆனால் கணினியில் இருக்கிற எல்லாக் கோப்பும் ஏதோ ஒரு விவரக்கோப்புதான். நிறக்குறிப்பு அழகான சொல், எனக்கும் பிடித்தது. ஆனால் வாடிக்கையாளர் தன் நிறத்தைச் சொல்லக் கொண்டுவரும் பான்டோன் எண்ணுக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம் ஐயா.

எங்கள் கடையில் மெஷின் பார்க்க வரும் அண்ணன் ஒருவர் இதை ‘ஜாதகம்’ என்றுதான் சொல்வார். முதலில் சிரித்தேன், யோசித்தால் ரொம்ப சரியாக இருக்கிறது. கோப்பு ஒரு ஜாதகத்தோடு வருகிறது, மெஷினுக்கு ஒரு ஜாதகம், இரண்டையும் வைத்துப் பொருத்தம் பார்ப்பதுதான் நிற மேலாண்மை. ஜாதகமே இல்லாமல் வரும் கோப்பை மென்பொருள் ஏதோ ஊகத்தில் எடுத்துக்கொள்ளும், வம்பு அங்கே தொடங்கும். இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையை ‘நிறமாற்றம்’ என்று எழுதியிருந்தீர்களே, அது நேர்மாறான பொருள் தருகிறது. கோப்பில் நிறத்தைக் குறிக்கும் எண்கள் மாறுவதே நிறம் மாறாமல் இருக்கத்தான். அதனால் அதை எண்மாற்றம் என்றே சொல்லலாம். ஜாதகம் என்ற சொல்லில் ஒரே குறை, பிறந்தபோது எழுதினால் ஆயுசுக்கும் அதுதான். புரொஃபைலைத் தாள் மாறினால், டோனர் வகை மாறினால் மறுபடி எழுதவேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: இயல்பேடு. பதிவேடு, பேரேடு, குறிப்பேடு வரிசையில் இதுவும் உட்கார்ந்துவிடும், புதுச்சொல் என்ற உறுத்தல் இருக்காது. தாள் இயல்பேடு, திரை இயல்பேடு, மூல இயல்பேடு என்று நீட்டியும் பார்த்தேன், வாயில் இடறவில்லை. முன்னால் ‘நிற’ சேர்ப்பதா ‘வண்ண’ சேர்ப்பதா என்ற சண்டை மிச்சம் இருக்கிறது. வண்ணம் வடமொழி வர்ணத்தோடு உறவு, மலாயின் ‘வார்னா’வும் அதே வீட்டுப் பிள்ளை. எனக்கு நிறம் போதும், சிறியது.

தனி மடலில் ஒரு அக்கா நல்ல கேள்வி ஒன்று எழுப்பினார். டீஃபால்டுக்கு ‘இயல்பிருப்பு’ என்று மென்பொருளாக்கக்காரர்கள் எழுதுகிறார்களே, அப்படியானால் டீஃபால்ட் புரொஃபைல் ‘இயல்பிருப்பு இயல்பேடு’ ஆகிவிடாதா? ஆகும், நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் ‘முன்னமைவு இயல்பேடு’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை, வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மெஷினால் கொடுக்க முடிந்த நிறங்களின் எல்லை, அதாவது கேமட், அதற்கு ‘எட்டம்’ என்றும், கொடுக்க முடியாததை ‘எட்டாநிறம்’ என்றும் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மயில்கழுத்து நிறம் அப்படிப்பட்டது, திரையில் ஜொலிக்கும், நாலு மைக்கு எட்டாது. ‘எட்டும் நிறம்’ என்பதை அவசரத்தில் ‘எட்டு நிறம்’ என்று எழுதிவிட்டால் எட்டு மை போடுகிற இங்க்ஜெட் மெஷின் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று பினாங்கு ஐயா கிண்டலடிப்பார், தெரியும். அதனால் எட்டாநிறத்தை மட்டுமாவது வைத்துக்கொள்வோம்.

கடையில் சோதனை தொடங்கிவிட்டது. டிரே மூடியில் பையன் மார்க்கரால் ‘சிமிலி 100 – இயல்பேடு மாத்தணும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறான். வினைச்சொல்தான் முடிவாகவில்லை, ‘இயல்பேடு எடு’ என்பதா, ‘இயல்பேடு எழுது’ என்பதா? நான் ‘எடு’ என்கிறேன், அவன் ‘எழுது’ என்கிறான். ஜாதகத்தைத்தான் எழுதுவார்களாம்.