ஐந்து பக்க மனுவும் பதினொரு வரி மனுவும்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். ஆனால் தெளிவாக எழுதுவது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், ஆட்சியர் அலுவலக வாயிலில் மனு எழுதித் தரும் ஒரு முதியவர்.

என் தந்தையார் தாம் வாங்கிய நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்றித் தரும்படி விண்ணப்பித்திருந்தார். அவர் காலமான பிறகும் அந்த விண்ணப்பம் அசையவில்லை. மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுப்பதற்காக ஒரு திங்கட்கிழமை ஐந்து பக்க மனுவுடன் போனேன். நிலம் வாங்கிய காலத்தில் தொடங்கி, தந்தையார் பட்ட பாடு, நான் அலைந்த அலைச்சல், ஒவ்வொரு முறையும் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பது வரை எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தேன். பெறுநர் முகவரி சரிதானா என்று கேட்கத்தான் அந்த முதியவரிடம் காட்டினேன்.

முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். "புல எண் எங்கே ஐயா? விண்ணப்பித்த தேதி எங்கே? இப்போது அவர்கள் என்ன செய்ய வேண்டும்?" புல எண் நான்காம் பக்கத்தில் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் கிடந்தது. தேதியே இல்லை, 'நெடுநாட்களுக்கு முன்பு' என்று எழுதியிருந்தேன். கோரிக்கையை 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடித்திருந்தேன். "இந்த மனுவை அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பினாலும் அது தக்க நடவடிக்கைதானே?" என்றார் அவர். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் எழுதித் தந்தது பதினொரு வரி. ஊர், புல எண், கிரயப் பத்திர எண், விண்ணப்பித்த தேதி ஆகியவை முதல் மூன்று வரிகளில் வந்துவிட்டன. 'நில அளவர் இதுவரை இந்த நிலத்தை அளக்கவில்லை. அளந்து, உட்பிரிவு செய்து, வாரிசான என் பெயருக்குப் பட்டா வழங்க உத்தரவிட வேண்டுகிறேன்' என்று கோரிக்கை முடிந்தது. தந்தையாரைப் பற்றி நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்ததை அவர் ஒரே வாக்கியமாக்கியிருந்தார்: 'விண்ணப்பித்த என் தந்தையார் 14 மாதம் காத்திருந்து காலமானார்.' என் ஒன்றரைப் பக்கத்தை நானே பலமுறை படித்துத் திருத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் கலங்காத கண் இந்த ஒரு வரியில் கலங்கியது.

நன்னூல் பாயிரம் சொல்லும் பத்துக் குற்றங்களை ஆண்டுதோறும் வகுப்பில் ஒப்பிக்கச் சொன்னவன் நான். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்று முதலிரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றைச் செய்பவர் மற்றொன்றைச் செய்யமாட்டார் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். என் மனுவில் துயரம் மிகைபட்டிருந்தது, தேதி குன்றியிருந்தது. இரண்டு குற்றமும் ஒரே தாளில் இருந்தன. சுருக்குவது என்றால் வெட்டுவது மட்டுமே என்று நினைக்கும் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த முதியவர் நான் எழுதாத தேதியைக் கேட்டு வாங்கிச் சேர்த்த பிறகுதான் மற்றவற்றை நீக்கினார்.

அரசு அலுவலக முன்னாள் உதவியாளர்

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து மனுக்களைப் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பதில்களும் தெளிவாக இருந்ததில்லை. 'நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்று நானும் நூற்றுக்கணக்கான கடிதங்களில் எழுதியிருக்கிறேன். ஒருமுறை புதிதாக வந்த கண்காணிப்பாளர் அந்த வரியை அடிக்கோடிட்டு, "யார் மேற்கொள்கிறார்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். வாக்கியத்துக்கு எழுவாய் தேடிக் கோப்பைப் புரட்டியபோதுதான், அந்தப் பணி எவருக்கும் ஒப்படைக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. செயப்பாட்டுவினை அவ்வளவு நாளும் அந்த வெற்றிடத்தை மூடி வைத்திருந்தது. அன்று மாலையே ஒருவருக்கு ஒப்படைத்து, அவருடைய பதவியைக் குறிப்பிட்டுக் கடிதத்தைத் திருத்தி எழுதினேன்.

தகவல் உரிமை விண்ணப்பங்கள் எழுதிவருபவர்

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் என்னைச் சொற்களில் கவனமுள்ளவளாக மாற்றியது. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகள், விண்ணப்பம் பொதுவாக 500 சொற்களுக்கு மேற்படக் கூடாது என்கின்றன. எனக்கு அதில் கால் பங்குகூடத் தேவைப்பட்டதில்லை. எங்கள் தெருக் குடிநீர்க் குழாய் குறித்து நான் கொடுத்திருந்த மனு பற்றிய முதல் விண்ணப்பத்தில் 'ஏன் இத்தனை அலட்சியம்?' என்று கேட்டிருந்தேன். பதில் கிடைக்கவில்லை. அச்சட்டத்தின்படி தகவல் என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள பதிவேடு, ஆவணம், ஆணை போன்றவை. என் கோபத்துக்கான விளக்கம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இரண்டாம் முறை 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரே வாக்கியம் எழுதினேன்: 'என் மனு சேர்ந்த நாள் முதல் இன்று வரை அதன் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகள் அனைத்தின் நகலையும் வழங்கவும்.' சட்டம் குறிக்கும் 30 நாட்களுக்குள் நகல் வந்தது. ஒரே ஒரு தாள். அதில் மனு வந்து சேர்ந்த தேதியும் ஒரு சுருக்கொப்பமும் மட்டுமே இருந்தன. அந்தத் தாளை இணைத்துத்தான் அடுத்த மனுவைக் கொடுத்தேன். அதில் என் சொற்கள் நான்கு வரிதான்.